தண்டையார்பேட்டை மாடி சயின்ஸ் கிளாஸ்: பிள்ளையைச் சேர்க்கலாமா?

எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை தோறும் ஒரு சயின்ஸ் கிளாஸ் நடக்கிறது. நல்லா இருக்கா, காசு கொடுத்து அனுப்பலாமா என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக டைப் பண்ணி அலுத்துவிட்டது, மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு: சேர்க்கலாம், ஆனால் மார்க் ஏறும் என்று நினைத்துச் சேர்க்காதீர்கள். மற்றவர்கள் மேலே படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி உள்ளே பத்து நிமிஷம் நடக்கணும். பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. கார்ப்பரேஷன் பள்ளியில் சயின்ஸ் டீச்சராக இருந்து ரிடையர் ஆன ஒரு அம்மா, தன் வீட்டு மொட்டை மாடியில் நடத்துகிறார். பிள்ளைகள் மிஸ் என்கிறார்கள், கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அவர் மிஸ்தான். உதவிக்கு ஒரு தம்பி இருக்கிறார், காலேஜில் பிசிக்ஸ் படிக்கிறார். ஐந்தாவதிலிருந்து ஒன்பதாவது வரை சேர்க்கிறார்கள், காலை பத்தரை மணியிலிருந்து ஒரு மணி வரை, மாசம் 800 ரூபாய். கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைகளிடம் ஃபீஸ் வாங்குவதில்லை. அதை மிஸ் வெளியே சொல்லிக்கொள்வதும் இல்லை, கூட வருகிற ஒரு பிள்ளையின் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். என் வீட்டிலிருந்து இரண்டு பேர் போகிறார்கள், பெண் ஏழாவது, பையன் ஐந்தாவது.

ஏசி, புரொஜக்டர், வெள்ளை கோட்டு போட்டு போட்டோ எடுப்பது, இதெல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். மாடியில் பாதிக்குத் தகர ஷீட் போட்டிருக்கிறது, மீதி வெட்டவெளி. ஒரு மர அலமாரி, அதில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள், சமையலறைத் தராசு ஒன்று, பூதக்கண்ணாடிகள், காந்தம், மடித்துச் செய்கிற காகித மைக்ரோஸ்கோப் சில. இந்தக் காகித மைக்ரோஸ்கோப்பைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், ஃபோல்ட்ஸ்கோப் என்று பெயர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் சேர்ந்து கண்டுபிடித்தது, சுமார் 140 மடங்கு பெரிதாகக் காட்டும், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். அட்டைதானே என்று அலட்சியமாக வாங்கிப் பார்த்தேன், வெங்காயத் தோலின் செல் ஒவ்வொன்றும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நான் படிச்ச காலத்தில் பள்ளி லேபில் மைக்ரோஸ்கோப்பைக் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டி வைத்திருப்பார்கள், இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குத்தான் வெளியே வரும்.

நோட்டு விஷயத்தில் மட்டும் மிஸ் ரொம்பக் கறார். இடது பக்கம் பார்த்ததை எழுதணும், வலது பக்கம் நினைத்ததை எழுதணும், இரண்டும் கலக்கவே கூடாது. 'நிழல் சின்னதாச்சு' என்பது இடது பக்கம். 'சூரியன் மேலே வந்துடுச்சு' என்பது வலது பக்கம். கேட்க சுலபமாக இருக்கும், பிள்ளைகளுக்கு இது பிடிபட மாசக்கணக்கில் ஆகிறது. என் பையன் ஒரு நாள் இடது பக்கத்தில் 'எறும்பு பயந்து ஓடியது' என்று எழுதியிருந்தான். ஓடியதைப் பார்த்தாய் சரி, பயந்ததை எங்கே பார்த்தாய் என்று கேட்டு மிஸ் அந்த ஒரு வார்த்தையை மட்டும் வலது பக்கத்துக்கு மாற்றி எழுத வைத்தார். அவன் வீட்டுக்கு வந்து என்னை இதே மாதிரி மடக்க ஆரம்பித்துவிட்டான், அது வேறு கதை.

இந்தக் கிளாஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது நிழல் குச்சி. பெயின்ட் வாளியில் சிமெண்ட் ஊற்றி ஒரு மீட்டர் இரும்புக் கம்பியை நேராக நட்டு வைத்திருக்கிறார்கள், தூக்குக்குண்டு கட்டி நேர் பார்த்திருக்கிறார்கள். அதன் நிழல் நுனியைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சாக்பீஸால் குறிக்கணும், அவ்வளவுதான் வேலை. முதலில் பிள்ளைகளுக்குள் சண்டையே நுனி எது என்பதில்தான் வந்தது. வெறும் கண்ணால் பாருங்கள், நிழல் நுனி கத்தி வெட்டின மாதிரி முடியாது, மங்கலாகக் கரைந்துபோகும். ஒருத்தன் இங்கே என்பான், இன்னொருத்தி இல்லை அங்கே என்பாள், விரற்கடை அளவு வித்தியாசம் வரும். மிஸ் தீர்ப்பு சொல்லவில்லை, சண்டை ஒரு வாரம் ஓடட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்த வாரம் கம்பியின் உச்சியில் சின்னச் சதுர ஓட்டை போட்ட ஓர் அட்டையைச் செருகினார். நிழலுக்கு நடுவில் வெளிச்சப் புள்ளி விழுந்தது, அதன் நடுவைக் குறித்தால் போதும், சண்டை தீர்ந்தது. ஆனால் ஓட்டை சதுரம், தரையில் விழுந்த புள்ளி வட்டம்! அது ஓட்டையின் உருவம் இல்லை, சூரியனின் உருவம் என்பது ஒரு பிள்ளையின் வலது பக்கத்திலிருந்துதான் வந்தது, மிஸ் வாயிலிருந்து வரவில்லை. அட்டைக்கும் வட்டத்துக்கும் உள்ள தூரத்தையும் வட்டத்தின் அகலத்தையும் அளந்து, சூரியன் 15 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டு, சூரியனின் அகலத்தைக் கணக்குப் போட்டார்கள். என் பெண்ணுக்கு 17 லட்சம் கி.மீ. வந்தது. உண்மையில் ஏறக்குறைய 14 லட்சம். ஓட்டையின் அகலமும் வட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது, அதைக் கழிக்கணும் என்று தம்பி சொல்லிக்கொடுத்ததும் கணக்கு கிட்டத்தில் வந்து நின்றது. ஏழாவது படிக்கிற பிள்ளை தண்டையார்பேட்டை மாடியில் உட்கார்ந்து சூரியனை ஸ்கேல் வைத்து அளக்கிறது, 800 ரூபாய்க்கு இதற்கு மேல் என்ன வேண்டும் சொல்லுங்கள்.

அதே குச்சியில் இன்னும் சரக்கு இருக்கிறது. நிழல் ரொம்பச் சின்னதாக ஆகிற நேரம்தான் உண்மையான நடுப்பகல். அது 12 மணிக்கு வராது. நவம்பர் தொடக்கத்தில் 11:53 வாக்கிலேயே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12:23 வாக்கில்தான் வரும். வாட்ச் தப்பா ஓடுதா மிஸ் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு போனைக் கொண்டுவந்து பார்த்திருக்கிறார்கள். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, சென்னை அதற்கு மேற்கே 80.3 பாகையில் இருக்கிறது, ஒரு பாகைக்கு 4 நிமிஷம், ஆக நமக்கு நடுப்பகல் சராசரியாக 9 நிமிஷம் தாமதம். மீதி முன்பின் வருவதற்குக் காரணம் பூமி சாய்ந்திருப்பதும் அதன் பாதை சரியான வட்டமாக இல்லாததும். இதைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் விளக்கினார், சின்னவர்களுக்கு 9 நிமிஷத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்த அளவு தெரிந்தவர் என்பதால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை.

நிழலே இல்லாத நாள் சென்னைக்கு வருஷத்தில் இரண்டு தரம் வரும், ஏப்ரல் 24 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒன்று. இதை இப்போது டிவியிலேயே காட்டுகிறார்கள். ஆனால் நடுவில் இருக்கிற மே, ஜூன், ஜூலையில் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் குச்சிக்கு 18 செ.மீ. அளவில் தெற்கே விழும், டிசம்பர் 21 அன்று 74 செ.மீ. அளவில் வடக்கே விழும். மாடித் தரையில் மிஸ் பெயின்டால் குறித்து வைத்திருக்கிறார், போனால் பாருங்கள்.

இதனால் வீட்டில் ஒரு தகராறும் வந்தது. பள்ளிப் பரீட்சையில் நண்பகல் நிழல் எந்தத் திசையில் விழும் என்று ஒரு கேள்வி. மாசத்தைப் பொறுத்தது என்று எழுதி இரண்டு வரி விளக்கமும் கொடுத்திருக்கிறாள் என் பெண். பெரிய சிவப்புச் சுழி. பள்ளி பெயர் வேண்டாம், எல்லாப் பள்ளியிலும் இதுதான் நிலைமை. மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினாள். கேட்டதுக்குப் புத்தகத்துல இருக்கறத எழுதும்மா, பக்கத்துல சின்னதா உனக்குத் தெரிஞ்சதையும் எழுது என்று சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் எனக்கு மிஸ்ஸோடு ஒத்துப்போகவில்லை. வருஷம் பூரா பார்த்ததை எழுது என்று சொல்லிவிட்டு, பரீட்சை வந்ததும் ஏன் இறங்கிப் போகணும்? மார்க்குக்காக அனுப்பாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்துப் போகிறார்கள், ஏலம் முடிந்து கூட்டம் கொஞ்சம் தணிந்த அப்புறம். பெற்றோரில் யாராவது நாலைந்து பேர் கூட வரணும், அதனால் நானும் போவேன். பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், கீழே ஐஸ் தண்ணீரும் செதிலுமாக இருக்கும். மீன் வாங்கப் போய்ப் போய்ப் பழகின இடம்தானே, அங்கே என்ன புதுசாகப் பார்க்கப்போகிறோம் என்றுதான் நான் முதலில் போனேன். போய் அரை மணி நேரத்தில் பிள்ளைகள் ஒரு கூடையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், நாக்கு மீன். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. நான் எத்தனையோ தரம் குழம்பு வைத்திருக்கிறேன், கண்ணைக் கவனித்ததே இல்லை. அடிபட்டிருக்கும் என்று ஒரு பையன் வலது பக்கத்தில் எழுதினான். அடுத்தவள் கூடையில் இருந்த மற்றதையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி அடிபடுமா என்றாள். அதற்கு அப்புறம்தான் மிஸ் வாயைத் திறந்தார்: குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்ணாகத்தான் இருக்கும், வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் வந்துவிடும், அது மணலில் ஒருக்களித்துப் படுத்தே வாழ்கிற மீன். பிள்ளைகள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

கடம்பாவையும் (கணவாய்) அப்படித்தான் பார்த்தார்கள். படகிலிருந்து அப்போதுதான் இறங்கினது. தோலில் பழுப்பும் சிவப்புமாகப் பொடிப் புள்ளிகள், விரலால் தொட்ட இடத்தில் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. செத்துப்போச்சே, அப்புறம் எப்படி நிறம் மாறுது என்று கேட்ட பிள்ளைக்கு மிஸ் பதிலே சொல்லவில்லை, இன்னும் பத்து நிமிஷம் கழித்து வந்து தொட்டுப் பார் என்று அனுப்பினார். கத்தாளை மீன் தலைக்குள் இருக்கிற வெள்ளைக் கல்லையும் எடுத்துக் காட்டினார். அது காதுக்கல், உடல் சமநிலைக்கும் கேட்பதற்கும் உதவுவது, மேலே மேலே வளையமாகப் படிந்து வளர்கிறது. அதை அறுத்து வளையத்தை எண்ணி மீனின் வயசைக் கணக்கிடுகிறார்கள், குளிர் நாட்டு மீன்களில் தெளிவாகத் தெரியும், நம் கடல் மீன்களில் அவ்வளவு சுலபம் இல்லையாம். என் பையனிடம் இப்போது ஒரு தீப்பெட்டி நிறைய காதுக்கல் இருக்கிறது. வீடு நாறுகிறது, பரவாயில்லை.

மீன் விற்கிற அக்காக்களை மிஸ் நடத்துகிற விதம் எனக்குப் பிடிக்கும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்தவர் என்கிற தோரணை இல்லாமல், இவங்ககிட்ட கேளுங்க, எனக்குத் தெரியாதது இவங்களுக்குத் தெரியும் என்று பிள்ளைகளை அவர்களிடமே தள்ளிவிடுகிறார். ஒரு அக்கா நண்டைத் திருப்பி வயிற்று மடிப்பைக் காட்டினார், ஆணுக்கு ஒடுக்கம், பெண்ணுக்கு அகலம். காட்டிவிட்டு, அமாவாசை நண்டுதான் சதையா இருக்கும், பௌர்ணமி நண்டு சோடை, வாங்கவே வாங்காத என்றார். நம் வீடுகளில் எல்லாரும் சொல்வதுதான். மிஸ் உடனே, அப்படியா, பார்த்துடலாமா என்றார்.

அங்கே ஆரம்பித்தது மாசக்கணக்கில் இழுத்தது. ஓட்டின் அகலம் ஒரே அளவில் இருக்கிற நீலக்கால் நண்டாகப் பார்த்து, ஆணாக மட்டும் பொறுக்கி, அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் வாங்கித் தராசில் வைத்தார்கள். எடையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் வரவில்லை. அப்போ பொய் என்று பிள்ளைகள் குதித்தார்கள். போய் அக்காவிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார். "எடையில எப்டி தெரியும் கண்ணு? சோடையா இருந்தா உள்ள தண்ணி நின்னிருக்கும். வேகவெச்சு சதைய எடுத்துப் பாரு." வாத்தியாருக்கும் காலேஜ் தம்பிக்கும் தோணாதது. நண்டு ஓடு கழற்றினதும் உடம்பில் தண்ணீரை ஏற்றிக்கொண்டுதான் உப்புகிறது, புது ஓடு இறுகின பிறகு மெல்ல அந்த இடத்தில் சதை பிடிக்கிறது, அதனால் வெறும் எடை ஏமாற்றும். அப்புறம் வேகவைத்து, சதையைத் தனியாக எடுத்து நிறுத்தார்கள். ஒரே நாளில் வாங்கின நண்டுகளுக்குள்ளேயே ஏகப்பட்ட வித்தியாசம், இந்த நாலைந்து நண்டை வைத்து நிலாவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, இன்னும் நிறைய வேணும் என்று பிள்ளைகளே முடிவுக்கு வந்தார்கள். கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. நிறுத்து முடித்த சதையை மிஸ் மிளகு போட்டு வதக்கிக் கொடுத்துவிட்டார், அதற்கும் தனி ஃபீஸ் இல்லை.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக் காலம், விசைப்படகு போகாது, அப்போது காசிமேடு கிளாஸ் கிடையாது என்று நினைத்தேன். அதுவும் உண்டு. கரையோரம் போகிற சின்னப் படகுகளில் என்ன மீன் வருகிறது, மற்ற மாசத்தில் வந்த எது வரவில்லை என்று எழுதி வரச் சொல்கிறார்.

உப்பு சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பெற்றோர்கள் அதைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள், எனக்கு அவ்வளவு இல்லை. ஒரு லிட்டர் கடல் தண்ணீரை எவர்சில்வர் தட்டுகளில் ஊற்றி மாடியில் காயவைத்து, மிஞ்சுவதை நிறுத்துப் பார்ப்பது. உலகக் கடல்களின் சராசரி லிட்டருக்குச் சுமார் 35 கிராம். வங்கக் கடலில் ஆறும் மழையும் நிறைய நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுவதால் குறைவாக வரணும். இவர்களுக்குக் கூடத்தான் வந்தது! காரணம், அந்த உப்பு எவ்வளவு காய்ந்தாலும் பிசுபிசுவென்றே இருந்தது, கடல் உப்பில் இருக்கிற மெக்னீசிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சென்னைக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். சரியான விடை வராமல் போனதுதான் அதில் இருந்த ஒரே சுவாரஸ்யம். கூடவே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியது, காட்டுப்பள்ளியில் 2010ல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நம் குழாய்க்கு வருகிற தண்ணீர், எல்லாவற்றையும் தம்பி வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அது லெக்சர், இந்தக் கிளாஸுக்கு ஒட்டாது.

தூசு அட்டை அப்படி இல்லை. வெள்ளை அட்டையில் வாசலின் தடவி மாடியின் நாலு பக்கமும் வைத்து, ஒரு நாள் கழித்து ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை துகள் என்று எண்ணுவது. காலையில் தனி அட்டை, மத்தியானம் கடல்காற்று எழுந்த பிறகு தனி அட்டை. துகள்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது பெரும்பாலும் கண்டபடி உடைந்த மண்ணும் நூலும்தான், நடுநடுவே மட்டும் கோலிக்குண்டு மாதிரி வழுவழுவென்று உருண்டைகள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் அதில் சில ஒட்டிக்கொண்டன. நிலக்கரி எரிந்த சாம்பலில் இப்படிப்பட்ட உருண்டைகள் இருக்கும், உருகி உறைந்த கண்ணாடி அது. எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையங்கள் இருப்பது ஊருக்கே தெரியும், அங்கேயிருந்துதான் வந்துச்சு என்று பிள்ளைகள் உடனே தீர்ப்பு எழுத, மிஸ் நிறுத்தினார். உருண்டை இருக்குன்னு இடது பக்கம் எழுது, எங்கேயிருந்து வந்துச்சுன்னு சொல்ல இன்னும் என்ன தெரியணும், அதை வலது பக்கம் எழுது. காற்றடிக்கிற திசை தெரியணும், அது எந்தெந்த நாள் வடக்கேயிருந்து அடிச்சது என்று தெரியணும், ரயில் லைனைத் தாண்டி இன்னொரு மாடியிலும் அட்டை வைக்கணும். எங்கள் மாடியில் வைத்தார்கள். 2011க்கு முன்னால் நிலக்கரி சென்னைத் துறைமுகத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தது, ராயபுரம் பக்கம் கொடியில் வெள்ளை வேட்டி காயப்போட முடியாது என்று என் மாமியார் இன்றைக்கும் சொல்வார். கோர்ட் உத்தரவுக்கு அப்புறம் நிலக்கரி அங்கே இறங்குவது நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும் இந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். காற்றையும் தண்ணீரையும் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்புகிற நிலைமையில் நாம் இருக்கிறோம், எண்ணிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் தெருவில் இருப்பது நல்லதுதானே.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

பெரிய குறை, கிட் நாட்கள். இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் ஆன்லைனில் வாங்கின பெட்டியைத் திறக்கிறார்கள், அதற்கு 250 ரூபாய் தனியாக வேறு. எரிமலை பொங்கும், கலர் நுரை வரும், பல்பு எரியும், பிள்ளைகள் கத்துவார்கள், பெற்றோர்கள் ஸ்டேட்டஸ் போடுவார்கள். பெட்டியில் எழுதியிருக்கிறபடி செய்தால் எழுதியிருக்கிறபடியே நடக்கும். அந்த நாட்களில் என் பெண்ணின் நோட்டில் வலது பக்கம் காலியாகவே கிடக்கும், நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். நினைக்க ஒன்றும் இல்லை, எல்லாம் பெட்டிக்காரர் ஏற்கெனவே நினைத்து முடித்துவிட்டார். நண்டு சோதனையில் விடையே வராமல் மாசக்கணக்கில் அலைந்தார்கள், அதில் நிரம்பிய பக்கங்களைப் பாருங்கள், எரிமலையின் பக்கத்தைப் பாருங்கள். மிஸ்ஸிடமே கேட்டேன். பெற்றவங்க கேக்கறாங்கம்மா, வருஷத்துக்கு ஏழெட்டுப் பேர் அதுக்காகத்தான் சேர்றாங்க என்றார். நேர்மையான பதில். ஆனாலும் அந்த 250 ரூபாய்க்கு இன்னும் இரண்டு கிலோ நண்டு வாங்கலாம் என்பது என் கருத்து... சரி, இன்றைய விலைக்கு இரண்டு கிலோ வராது, ஏதோ ஒன்று.

செலவே இல்லாமல் செய்ய எத்தனையோ இருக்கிறது. அரவிந்த் குப்தா குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டுகிற வீடியோக்கள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, அவருக்கு 2018ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மிஸ் அதிலிருந்தும் சிலதைச் செய்கிறார், ஸ்ட்ராவை வெட்டிப் பீப்பீ ஊதவைத்து, நீளம் குறைந்தால் சத்தம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வைப்பது நல்ல கிளாஸ், ஆனால் காது போய்விடும். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு 2022 நவம்பரிலிருந்து வானவில் மன்றம் இருக்கிறது, கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து சோதனை செய்து காட்டுகிறார்கள். அதில் பழகின பிள்ளைகள் இந்தக் கிளாஸில் கூச்சமில்லாமல் கை வைக்கிறார்கள், பிரைவேட் பள்ளிப் பிள்ளைகள்தான், என் பிள்ளைகளையும் சேர்த்து, உடைஞ்சிடுமோ என்று ஒதுங்கி நிற்கிறார்கள்.

இரண்டாவது, மைக்ரோஸ்கோப் போதவில்லை, நாலைந்து பேருக்கு ஒன்று. ஃபீஸில் நூறு ஏற்றிக்கொண்டு இன்னும் சில வாங்கலாம், நான் கொடுக்கத் தயார். மூன்றாவது, வெயில். மார்ச் தாண்டினால் தகர ஷீட்டுக்குக் கீழே உட்கார முடியாது, நிழல் குச்சிக்கு வெயில் வேண்டும் என்பது சரி, பிள்ளைக்கு மண்டை காயுமே. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கண்டிப்பாகக் கொடுத்து அனுப்புங்கள். மழைக் காலத்தில் கடைசி நேரத்தில் கேன்சல் என்று மெசேஜ் வரும், அதற்குப் பதில் கிளாஸ் வைப்பதில்லை. பாத்ரூம் கீழ் வீட்டில் இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது. தெரு குறுகல், காரில் வராதீர்கள்.

யாருக்குச் சரிப்படாது என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் என்ன சாப்டர் முடிச்சாங்க என்று கேட்கிற பெற்றோருக்குச் சரிப்படாது. ஒன்பதாவது பிள்ளைகளுக்கு ஆறு மாசத்தில் அலுத்துவிடுகிறது, பாதிப் பேர் கோச்சிங் பக்கம் போய்விடுகிறார்கள், மிஸ்ஸும் தடுப்பதில்லை. ஆறாவது, ஏழாவதுதான் சரியான வயசு. ஐந்தாவது பிள்ளைகளில் சிலருக்கு எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, படம் போட்டால் போதும் என்கிறார்.

பிள்ளை மாறியதா என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. என் பெண் மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கி நிறம் பார்க்கிறாள், மாமியாரை விடக் கறாராக. பையன் எதையாவது கேட்டு, நான் பதில் சொன்னால், பார்த்தீங்களா நினைச்சீங்களா என்கிறான், சில நாள் எரிச்சலாக வருகிறது. சயின்ஸ் மார்க் அப்படியேதான் இருக்கிறது.

எல்லாம் சேர்த்து ஐந்துக்கு நாலு கொடுப்பேன், கிட் நாட்களை நிறுத்தினால் நாலரை. புது சேர்க்கை பள்ளி திறந்த பிறகு ஜூனில்தான், இருபது பேருக்கு மேல் எடுப்பதில்லை, சீக்கிரம் சொல்லிவையுங்கள். முதல் வாரம் சும்மா உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஃபீஸ் கட்டலாம். இன்னொரு விஷயம், மாடிப் படிக்கு ஒரு பக்கம் கைப்பிடி இல்லை. நான் சொல்லும்போதெல்லாம் பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா என்கிறார். சேர்க்கப் போகிறவர்கள் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.